அச்சம் வேறு, மடம் வேறு

எனக்கு 46 வயது. 20 ஆண்டுகளாகக் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் வகுப்புக்கு உள்ளேயும் வெளியேயும் நான் அதிகமாகச் சொன்ன சொல் எது என்று கேட்டால், 'பயப்படாதே' என்றுதான் சொல்வேன். மேடையேறப் பயந்தவளிடம் சொன்னேன். விடுதியில் நடந்ததைப் புகாராக எழுதப் பயந்தவளிடம் சொன்னேன். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லப் பயந்தவளிடம் சொன்னேன். என் முதல் கவிதைத் தொகுப்பில் பாதி இந்த ஒரு சொல்லுக்கு எழுதிய விரிவுரைதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பழையபடி சொல்ல இப்போது எனக்கு நா எழவில்லை. என் அக்கா மகள் அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அக்காவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு கனடாவின் கால்கரி நகரத்துக்குப் போயிருந்தேன். பிப்ரவரி மாதம். அக்கா மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். 28 வயது. நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போவதுபோல அங்கே பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆறு வயதிலிருந்து அவள் சறுக்குகிறாள். மூன்று ஆண்டுகள் சேர்த்த பணத்தில், மேற்கே 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரெவல்ஸ்டோக் என்ற மலையூரில், ஹெலிகாப்டர் பனிச்சறுக்குக்கு ஒரு நாள் பதிவு செய்திருந்தாள்.

இந்த விளையாட்டைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது; எனக்கும் தெரியாது. சாதாரணப் பனிச்சறுக்குத் தளத்தில் கம்பிவடத்தில் தொங்கும் இருக்கையில் ஏறிப்போய், செப்பனிட்ட பாதையில் சறுக்கி இறங்கலாம். ஆபத்தான சரிவுகளை நிர்வாகமே வெடிவைத்து உதிர்த்துவிடும். ஹெலிகாப்டர் சறுக்கில் பாதை என்று எதுவும் இல்லை. யாரும் கால்வைக்காத மலைமுகட்டில் இறக்கிவிடுவார்கள். வழிகாட்டி முன்னே போவார், நாம் பின்னால். ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி 1965இல் அதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் புகபூ மலைகளில் இதை ஒரு தொழிலாகத் தொடங்கினார். புதுப்பனியில் முதல் தடம் பதிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக உலகெங்கிலுமிருந்து மக்கள் பணத்தைக் கொட்டி வருகிறார்கள்.

அந்த மலைகள் ஆளையும் விழுங்கும். 1991 மார்ச் 12 அன்று புகபூ மலைகளில் ஒரே பனிச்சரிவில் 9 பேர் இறந்தார்கள். அனைவரும் இப்படி ஹெலிகாப்டரில் போனவர்கள். வழிகாட்டியோடு போனவர்கள்.

செய்தி குடும்பத்துக்குத் தெரிந்ததும் வாட்ஸ்அப் குழு கொதித்தது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, கைகால் உடைஞ்சா யாரு கட்டுவா?" என்று ஊரிலிருந்து என் அம்மா கேட்டார். "இதெல்லாம் ஆம்பளைங்க விளையாட்டு" என்றார் பெரியப்பா. இதே குழுவில்தான் என் அண்ணன் மகன் லடாக் வரை மோட்டார் சைக்கிளில் போனபோது நாளுக்கு நாற்பது கைதட்டல் விழுந்தது. நான் விடவில்லை. அவனுக்கு வந்தால் வீரம், இவளுக்கு வந்தால் திமிரா என்று ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போட்டேன். காலையில் அவளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன்: "பயப்படாம போயிட்டு வா கண்ணு. நீ யாருக்கும் குறைஞ்சவ இல்ல."

மறுநாள் திரும்பி வந்தாள். கதவைத் திறந்த என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "சித்தி, இனிமே என்கிட்ட பயப்படாதேன்னு சொல்லாதீங்க. பயப்படறதுக்குத்தான் நான் படிச்சிருக்கேன்."

அன்று மலையில் என்ன நடந்தது என்பதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில் விமானியும் வழிகாட்டியும் போக நான்கு பேர். இவள் ஒருத்தி. மற்ற மூவரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த ஆண்கள், நண்பர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரப் பயிற்சி. ஆளுக்கொரு ட்ரான்ஸீவர் கருவியை மார்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். புதைந்துபோனால் பனிக்குள்ளிருந்து அது சமிக்ஞை அனுப்பும். மேலே இருப்பவர் தன் கருவியால் அதைத் தேடுவார். முதுகுப்பையில் மடக்கு மண்வெட்டி, பனிக்குள் குத்தித் துழாவ நீளமான கம்பி. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி கடந்தால் மிகமிகக் குறைவு. அதற்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. உன்னைக் காப்பாற்றப்போவது உன்னுடன் வந்தவர்கள், அவர்களைக் காப்பாற்றப்போவது நீ. பயிற்சியின் கடைசியில் வழிகாட்டி சொன்னாராம்: "எதையாவது பார்த்தாலும் கேட்டாலும் மனசுக்குச் சரியில்லைன்னு பட்டாலும் சொல்லுங்க. சொன்னதுக்காக இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

இரண்டு சறுக்கு முடிந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தான் கண்டதில்லை என்றாள். மூன்றாவதாக ஒரு முகட்டில் இறங்கி, சரிவின் விளிம்பை நோக்கி வரிசையாகப் போகிறார்கள். இவள் கடைசி. காலுக்குக் கீழே 'வும்ஃப்' என்று ஒரு சத்தம். கனமான மெத்தையில் யாரோ விழுந்ததுபோல. பனி ஒரு விரல்கடை அமுங்கியதாகவும் தோன்றியது. முன்னே போனவர்கள் பேச்சும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி தூரத்தில் இருந்தார். அவர் காதில் விழவில்லை.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனவள். காற்றில்லாத, தெளிந்த குளிர் இரவுகளில் பனித்தரையின் மேல் இறகு இறகாக உறைபனிப் படிகங்கள் வளரும். பார்க்க அவ்வளவு அழகு. அதன்மேல் அடுத்த பனி விழுந்து மூடினால், அந்தப் படிகங்கள் நசுங்காமல் வாரக்கணக்கில் உள்ளே நின்றுகொண்டிருக்கும். மேலே கெட்டிப்பட்ட பனிப்பலகை, கீழே சீட்டுக்கட்டு வீடுபோல ஒரு படலம். ஓர் ஆளின் எடை போதும், படலம் சரிய. சமதளத்தில் என்றால் சத்தத்தோடு போய்விடும். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவில் என்றால் பலகை மொத்தமும் கழன்று இறங்கும். பனிச்சரிவு என்றால் தானாக மேலிருந்து வந்து விழுவது என்று நாம் நினைக்கிறோம். மலையில் விளையாடப் போய்ச் சிக்கியவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான்.

இவ்வளவும் தெரிந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை.

"அரை நிமிஷம் சித்தி. அரை நிமிஷம் நான் வாயத் தொறக்கல. பனிக்குப் பயந்து இல்ல. நான் நிறுத்தினா அந்த மூணு பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. 'பொண்ணு பயந்துட்டா'ன்னு நினைப்பாங்க. நீங்க காலைல அனுப்புனது வேற காதுக்குள்ளேயே இருந்துச்சு. நான் யாருக்கும் குறைஞ்சவ இல்லையே!"

இதைக் கேட்டபோது என் அடிவயிறு சில்லிட்டது. ராத்திரி இரண்டு மணிவரை அவளுக்காக நான் போட்ட சண்டையெல்லாம் அந்த அரை நிமிடத்தில் அவள் வாயைப் பொத்தியிருக்கிறது. பெரியப்பா அவள் காலைப் பிடித்து இழுத்தார். நான் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். இருவரும் சேர்ந்து அவளைச் சரிவின் விளிம்பில் நிறுத்தியிருந்தோம்.

பிறகு அவள் கத்தினாள். வழிகாட்டி எல்லோரையும் நிற்கச் சொன்னார். அவள் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தார். பனியில் குழி தோண்டிப் பார்த்தார். படலம் இருந்தது. வானொலியில் மற்றக் குழுக்களுக்குச் சொன்னார். ஹெலிகாப்டரை வரவழைத்து, எல்லோரையும் தாழ்வான, மரங்கள் அடர்ந்த, சாய்வு குறைந்த வேறு சரிவுக்குக் கூட்டிப்போனார். மூவரில் ஒருவர் ஹெலிகாப்டரில் ஏறும்போது சொன்னாராம், "இந்த நாளோட நல்ல சறுக்கு போச்சு. உனக்குச் சத்தம் கேட்டுது, எங்களுக்குக் கேக்கலையே."

அந்தச் சரிவு அன்று உடைந்ததா? இல்லை. மறுநாள்? தெரியாது. எதுவுமே நடக்கவில்லை. கதை இவ்வளவுதான்.

நீங்கள் ஏமாந்திருப்பீர்கள். மலை உடைந்து விழுந்து, அந்த மூவரும் வாயடைத்து நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பாதுகாப்பு என்பது இப்படித்தான் இருக்கும். சரியாகச் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இது பெண்களுக்குப் புதிதா? குழந்தை கிணற்றடிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவளுக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்? கிணற்றில் குதித்துக் காப்பாற்றியவனுக்குத்தான் மாலை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை திரும்பிப் பார்ப்பவளை வீடு கேலி செய்யும். வீடு எரியாமல் இருப்பதை அவள் கணக்கில் எழுதாது. நடக்காமல் போன விபத்துகளின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அதில் பாதிக்கு மேல் பெண்பெயர்கள் இருக்கும்.

அவள் சொல் ஒரேயடியாக வீணாகவும் இல்லை. அங்கே இந்தத் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காலையில் வழிகாட்டிகள் கூடி, அன்று எந்தெந்தச் சரிவு திறப்பு, எது மூடல் என்று பட்டியல் போடுவார்கள். மூடிய சரிவை அன்று பகலில் யாரும் ஆசைப்பட்டுத் திறக்க முடியாது. வெயில் அடிக்கிறது, பணம் கொடுத்த விருந்தினர் கெஞ்சுகிறார் என்பதெல்லாம் காரணம் ஆகாது. திறந்த சரிவை யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டு வரலாம். 'ஆம்' என்பதற்கு எல்லோரும் வேண்டும், 'வேண்டாம்' என்பதற்கு ஒருவர் போதும். போட்டி நிறுவனங்கள்கூடத் தாங்கள் கண்ட பனியின் நிலையை அன்றாடம் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கின்றன. கனடியப் பனிச்சரிவுச் சங்கம் 1991 முதல் அதை நடத்திவருகிறது. அன்று மாலை அந்தப் பதிவில் அவள் கேட்ட சத்தமும் ஒரு வரியாக ஏறியது என்று வழிகாட்டி அவளிடம் சொன்னாராம்.

இந்த விதியை நம் வீடுகளுக்குள் வைத்துப் பாருங்கள். ஒருவர் 'வேண்டாம்' என்றால் போதும் என்ற விதி நம் கல்யாணப் பேச்சில் இருந்திருந்தால்? படுக்கையறையில் இருந்திருந்தால்?

நான் தமிழ் படித்தவள். என் பழக்கம், எந்தக் காயத்துக்கும் இலக்கணத்தில் மருந்து தேடுவது. தொல்காப்பியக் களவியல் ஆணுக்குப் பெருமையையும் வலிமையையும் பங்கிட்டுக் கொடுத்தது. பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் ஆகிய மூன்றையும் கொடுத்தது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கி, நாற்குணம் என்று நம் கழுத்தில் கட்டினார்கள். பெண்ணியம் பேசிய நாம் எல்லோரும் அந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பையில் எறிந்தோம். எறிந்தது நியாயம். ஆனால் எறிவதற்கு முன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தோமா?

மடம் என்றால் அறியாமை. தெரிந்தாலும் தெரியாததுபோல இருத்தல். நம்மிடம் கேட்கப்பட்டது வெறும் அச்சம் அல்ல, மடத்தோடு சேர்ந்த அச்சம். பயப்படு, ஆனால் எதற்கு என்று கேட்காதே. இருட்டுக்குப் பயப்படு, தெருவுக்குப் பயப்படு, மலைக்குப் பயப்படு. இருட்டில் என்ன இருக்கிறது, மலை எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ளாதே. தெரிந்துகொண்டால் உன் பயத்தை நீயே அளந்துவிடுவாய். அளக்கத் தெரிந்த பயம் ஆளுகைக்கு உதவாது.

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பெண்ணின் ஆபரணம் இல்லை. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதற்குக் காரணங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. காரணம் இருந்தால்தான் அச்சம். அங்கேயே பெருமிதத்துக்கும் நான்கு காரணம் சொல்கிறது. தறுகண் என்ற அஞ்சாமை அதில் இரண்டாவதுதான். முதலில் வைத்திருப்பது கல்வியை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதைப் பேதைமை என்ற வள்ளுவரும் அந்தக் குறளை அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்தார். கவனியுங்கள்: நம்மைப் பேதை என்று அழைத்தார்கள், அச்சம் கொண்டிரு என்றும் சொன்னார்கள். வள்ளுவர் கணக்குப்படி இரண்டும் சேராது. அறிந்து அஞ்சுகிறவள் பேதை ஆக மாட்டாள்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அச்சத்தை மடத்திலிருந்து பிரித்தெடுங்கள். மடத்தை எறியுங்கள். அச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது நம் கருவி.

ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மடத்தோடு சேர்ந்த வீரம். வட அமெரிக்கப் பனிமலைகளில் சரிவில் சிக்கிச் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இயன் மெக்கம்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசி 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். விவரம் தெரிந்தவர்கள் ஏன் சாகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. சில மனப்பொறிகளை அவர் அடையாளம் காட்டினார்: பழகிய இடம்தானே என்ற தைரியம், எடுத்த முடிவை மாற்ற மனமின்மை, முன்னால் போகிறவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை, அடுத்தவன் தடம் பதிப்பதற்குள் நான் பதிக்க வேண்டும் என்ற அவசரம், நாலு பேர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. கடைசிப் பொறிக்கு அவர் காட்டும் உதாரணம், பெண்கள் பார்வையில் படுவதற்காக ஆண்கள் ஆபத்தில் இறங்குவது.

இதை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, பெண் வந்தாலே ஆபத்து" என்று சொல்ல நம் ஊர் ஆட்கள் தயாராக இருப்பார்கள். சீதையும் பாஞ்சாலியும் போரை உண்டாக்கினார்கள் என்று கதை சொல்லிப் பழகிய வாய் அது. அவன் எனக்காக மீசை முறுக்குவதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அவனை முறுக்கச் சொன்னது யார்? என் அக்கா மகளுக்கு அந்த அரை நிமிடம் நேர்ந்தது இதே பொறியின் பெண்பக்கம். அவள் யாருடைய காதலையும் எதிர்பார்க்கவில்லை. தன்னைச் சமமானவள் என்று அந்த மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தாள். சமத்துவத்துக்கு ஆணின் கையெழுத்து வேண்டும் என்று எண்ணும்வரை நாம் அந்தப் பொறிக்குள்தான் இருப்போம்.

முன்னால் போகிறவருக்குத் தெரியாததா என்ற பொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலை வழிகாட்டித் தொழில் நெடுங்காலம் ஆண்களின் கோட்டை. பிரான்சில் மார்ட்டின் ரோலன் என்ற பெண் வழிகாட்டிச் சான்று பெற்றது 1983இல்தான். கனடாவில் டைனி ஹாரிசன் முழுத் தகுதி பெற்றது 1992இல். இன்றும் அவர்கள் மிகச் சிறுபான்மை. முன்னால் போகிறவன் ஆண், பின்னால் போகிறவள் பெண் என்பது எங்கேயோ பார்த்த வரிசையாக உங்களுக்குத் தோன்றவில்லையா? நல்ல வழிகாட்டி வரிசையின் கடைசியில் வருகிறவளின் காதையும் தன் காதாக வைத்துக்கொள்கிறார். அன்று அந்த மலையில் இருந்தவர் நல்ல வழிகாட்டி. அவர் ஆண்தான். இது முடிகிற காரியம் என்பதற்கு அவரே சாட்சி.

பணக்காரர்களின் விளையாட்டைப் பற்றிப் பெண்ணியத் தொகுப்பில் எதற்குப் பேச்சு என்று தோழி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. எரிபொருளை எரித்து, உருகிக்கொண்டிருக்கும் பனியாறுகளின் மேல் பறந்துபோய்ச் சறுக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பணம் கொடுத்தவர்கள் மட்டும் இல்லை. 2021 மார்ச்சில் அலாஸ்காவில் இப்படிப் போன ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் செக் நாட்டின் முதல் பணக்காரர். வழிகாட்டிகள் இருவரும் விமானியும் அவரோடு இறந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வேலைநாள்.

இங்கே விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்துக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த ஆபத்து?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கூலிக்காகப் பெண் உயிரைப் பணயம் வைக்கலாம். குடும்பத்துக்காக வைக்கலாம். பிள்ளை பெறுவதற்காக வைக்கலாம், அது தெய்வீகம். தன் சந்தோஷத்துக்காக ஒரு நாள் மலையுச்சிக்குப் போனால் மட்டும் குடும்ப வாட்ஸ்அப் பற்றி எரியும். ஆபத்து அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. சந்தோஷம்தான் பிரச்சினை. இன்னொன்றும் உண்டு. என் அக்கா மகள் 'வேண்டாம்' என்றபோது அவளுக்கு நஷ்டம் ஒரு சறுக்கு. மருந்தறையில் இன்று வெக்கை சரியில்லை, நான் உள்ளே போக மாட்டேன் என்று சொல்கிறவளுக்கு நஷ்டம் ஒரு நாள் சோறு. திரும்பி வரும் உரிமையும் இந்த உலகத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருக்கிறது. அந்த உரிமைக்கான போராட்டத்தைப் பனிமலையில் தொடங்கினாலும் பட்டாசு ஆலையில்தான் முடிக்க வேண்டும்.

2018 மார்ச் 11ஐ நான் மறக்கவில்லை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி, "பொட்டப்புள்ளைங்கள மலைக்கு அனுப்புனது யாரு?" நான் கோபத்தில் கத்தினேன்: "போறது அவங்க உரிமை!" அது சரியான பதில். ஆனால் அரைப் பதில். மீதிப் பாதியை நான் கேட்கவே இல்லை. காய்ந்த புல் நிற்கும் மாதத்தில் அந்த மலை நடப்பதற்கு ஏற்றதா? தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும் என்று போனவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? புகை கண்டால் எந்தப் பக்கம் இறங்குவது என்று காலையில் பேசினார்களா? அந்த வரிசையில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தோன்றி, சொல்லாமல் நடந்திருப்பார்களா? உரிமையை மட்டும் பேசி, அறிவைப் பேசாமல் விட்டேன். போகாதே என்றவர்களும் போ என்ற நானும், அந்தப் பிள்ளைகள் மலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இரண்டு தரப்பிலும் மடம் ஒன்றுதான்.

இனி உங்கள் வீட்டுப் பெண் மலைக்கோ கடலுக்கோ கிளம்பினால் போகாதே என்று சொல்லாதீர்கள். பயப்படாதே என்றும் சொல்லாதீர்கள். கேளுங்கள். யார் கூட்டிப்போகிறார்? அவர் எங்கே படித்தார்? இன்று அங்கே என்ன ஆபத்து, அதை யார் அளந்தார்கள்? திரும்புவது என்று முடிவெடுப்பது யார்? நீ வேண்டாம் என்றால் நிற்பார்களா? இந்தக் கேள்விகளை மகனிடமும் கேளுங்கள். லடாக் போன என் அண்ணன் மகனிடம் எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுவும் அன்பில்லாமைதான்.

அழைத்துப்போகிறவர்களுக்கும் ஒன்று: வரிசையில் கடைசியாக வருகிறவரிடம் முதலில் கேளுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும். நீங்கள் பேசி முடித்த பிறகு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

என் சகபெண்ணியர்களுக்கும், முதலில் எனக்கும்: ஆண் போகும் இடமெல்லாம் போவது விடுதலையின் முதல் பாடம். போன இடத்தில் எல்லோர் முன்னாலும், "எனக்குச் சரியாகப் படவில்லை, நான் வரவில்லை" என்று சொல்ல முடிவது அடுத்த பாடம். முதல் பாடத்தையே 20 ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டும் அவள் போகிறாள். மீண்டும் காசு சேர்த்திருக்கிறாள். போன வாரம் அழைத்திருந்தாள். இந்த முறை குடும்பக் குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை; என்னிடம் வாங்கிக்கட்டியது நினைவிருக்கும். நான்தான் கேட்டேன். "இந்த வருஷம் பனி எப்படிம்மா இருக்கு?"

முக்கால் மணி நேரம் சொன்னாள். எந்த வாரம் உறைந்தது, எந்த வாரம் காற்றடித்தது, எந்த ஆழத்தில் எந்தப் படலம் படுத்திருக்கிறது என்று. பாதி புரியவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டேன். வைக்கும் முன் வழக்கமாகச் சொல்லும் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"பார்த்துப் பயந்து போயிட்டு வா."